வெட்டிய பழமும் தேசிக்காய்ச் சாறும்

நல்லூர்த் திருவிழாக் காலமாயினும் நோன்பு மாதமாயினும் யாழ்ப்பாணத்தில் வெட்டிய பழத்துக்குக் கிராக்கி அதிகம். கோயில் வீதியில் அன்னாசித் துண்டும் மாங்காய்க் கீற்றும் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கப்படுகின்றன. ஐந்து சந்திப் பக்கத்து வீடுகளில் நோன்பு துறப்பதற்கென வத்தகையும் பப்பாசியும் பின்னேரமே வெட்டி அடுக்கப்படுகின்றன. முழுதாக இருக்கையில் நாட்கணக்கில் நிற்கும் கனி, கத்தி பட்ட சில மணித்தியாலங்களில் நிறம் மாறி, நீர்விட்டுத் தளர்ந்துவிடுகிறது. இதனைத் தாமதப்படுத்த இரசாயனக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. எமது அடுக்களையில் உள்ளவையே போதும். ஆயினும் அவற்றால் எது முடியும், எது முடியாது என்பதை வேறுபடுத்தி அறிந்துகொள்வது அவசியம் என நாம் கருதுகிறோம்.

பழம் கறுப்பது அழுகலன்று. வாழைப்பழத்தையோ அப்பிளையோ வெட்டும்போது கலங்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனியே இருந்த ஒருவகை நொதியமும் பீனோல் சேர்வைகளும் ஒன்று கலக்கின்றன. வளியிலுள்ள ஒட்சிசன் சேர, மண்ணிறப் பொருள் உண்டாகிறது. அந்த நொதியத்தின் உயிர்நாடி அதிலுள்ள செம்பு. தேசிக்காயின் சித்திரிக் அமிலம் அச்செம்பைப் பற்றிக்கொள்வதோடு, புளிப்பை மிகுவித்து நொதியத்தை முடக்குகிறது. அதே சாற்றிலுள்ள விற்றமின் 'சி', உருவாகத் தொடங்கிய நிறப்பொருளை மீண்டும் பழைய நிலைக்குத் திருப்புகிறது. ஆனால், அவ்வாறு திருப்புகையில் அது தானும் செலவாகிவிடும். தேசிக்காய் தடவிய பழமும் சில மணித்தியாலத்தின் பின்னர் கறுப்பதற்குக் காரணம் இதுவே.

அளவும் எளிது. ஒரு கோப்பை நீருக்கு ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. துண்டுகளை மூன்று முதல் ஐந்து நிமிடம் அமிழ்த்தி வடித்தெடுத்தால் போதும். புளிப்பை விரும்பாதோர் ஒரு கோப்பை நீரில் இரண்டு மேசைக்கரண்டி தேன் கரைத்து அரை நிமிடம் அமிழ்த்தலாம். தேனும் அந்நொதியத்தைத் தடுப்பது ஆய்வுகளில் உறுதியான செய்தி. அன்னாசிச் சாறும் அவ்வாறே. வீட்டில் அன்னாசி வெட்டுவோர் வழிந்தோடும் சாற்றை வீணாக்காமல் அப்பிள், வாழைத் துண்டுகளின் மேல் ஊற்றிவிடலாம். எமது வியாபாரிகள் சுவைக்காகத் தூவும் உப்புக்கூட நொதியத்தை ஓரளவு அடக்கும்.

நிறத்தைவிடத் தளர்ச்சிதான் பெரிய சிக்கல். அதற்கு மருந்து கல்சியம். பழக் கலங்களை ஒட்டவைத்திருக்கும் பெக்ரினுடன் கல்சியம் பிணைந்து துண்டுகளை இறுக்கமாக வைத்திருக்கும். மேலைநாடுகளில் பைகளில் விற்கப்படும் அப்பிள் துண்டுகளில் கல்சியம் அசுக்கோபேற்றுக் கரைசல் பயன்படுகிறது. பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்த பின்னரே பாகில் இடும் எமது பாட்டிமார் பெக்ரினைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். செய்த வேலை அதுவே. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கருப்பநீரைக் கள்ளாகாமல் காப்பதும், பனங்களியை வெயிலில் காயவைத்துப் பனாட்டாக்கி மாதக்கணக்கில் வைத்திருப்பதும் இந்த மண்ணின் அறிவு. ஆனால் இவை பழத்தை வேறொரு உணவாக மாற்றும் முறைகள். பழம் பச்சைப் பழமாகவே நிற்கவேண்டும் என்பது வேறு காரியம்.

அக்காரியத்துக்காக ஒருகாலத்தில் சல்பைற்று உப்புகளை உணவகங்கள் தாராளமாகப் பயன்படுத்தின. ஆஸ்துமா நோயாளர் சிலர் அதனால் இறந்ததை அடுத்து, பச்சையாக உண்ணும் பழங்களிலும் மரக்கறிகளிலும் அவற்றைச் சேர்ப்பதை அமெரிக்கா 1986இல் தடைசெய்தது. இயற்கைப் பொருட்களின்பால் ஆய்வாளர் கவனம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். எமது நாட்டிலும் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கறுவா, கராம்பு எண்ணெய்கள் வாழைப்பழத்தை அழுக வைக்கும் பங்கசுக்களைக் கட்டுப்படுத்துவதை 2002இல் வெளியிட்டனர். கராம்பும் கறுவாவும் விளையும் நாட்டுக்கு இது சிறிய செய்தியன்று.

'இயற்கை' என்ற சொல்லைக் கண்டதும் எமது வாசகர்கள் நிம்மதியடைந்துவிடக் கூடாது. வெட்டிய பழங்களின் மேல் பூசும் உண்ணத்தக்க மென்படலங்களுள் கைற்றோசன் என்பது பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படுவது. ஜெலற்றின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வரக்கூடும். மச்சம் தவிர்க்கும் சைவர்க்கும் ஹலால் பேணும் முஸ்லிம்களுக்கும் இது ஒன்றுபோலவே முக்கியமானது. கற்றாழைச் சாறும் மரவள்ளி மாவும் இதே வேலையைச் செய்யவல்லவை என்பதால், வழியில்லை என்றில்லை. பொதியில் மூலம் எதுவெனக் கேட்கும் உரிமை நுகர்வோருக்கு உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய விடயம் நீர். வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தடியில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள தூரம் சிறிது. கிணற்று நீரில் மலக்கிருமிகள் கலந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. நெருப்புக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களுள் யாழ்ப்பாணம் நெடுங்காலமாக ஒன்றாக இருந்து வந்துள்ளது. அத்தகைய நீரில் கழுவி, அந்நீரில் செய்த ஐஸ்கட்டியின் மேல் அடுக்கிய பழத்துக்குத் தேசிக்காய் தடவினால் கிடைப்பது என்ன? பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் நோய்.

வத்தகையிலும் பப்பாசியிலும் இவ்வாபத்து இன்னும் கூடுதல். அவை வெட்டினாலும் கறுப்பதில்லை. ஆகவே கண்ணுக்கு எச்சரிக்கை கிடையாது. புளிப்புக் குறைந்தவையாதலால் கிருமிகள் விரைந்து பெருகும். 2011இல் அமெரிக்காவில் லிஸ்ரீரியா கிருமி தொற்றிய முலாம்பழத்தால் 33 பேர் மாண்டனர். தோலில் இருக்கும் கிருமியைச் சதைக்குள் கொண்டுசெல்வது கத்தி. ஆகையால் தோலை உரிக்கும் பழமாயினும் முதலில் கழுவவேண்டும். கொதித்தாறிய நீரிலோ குளோரின் இட்ட நீரிலோ கழுவவேண்டும்.

வெட்டிய பழம் 5 பாகை செல்சியசுக்கு மேற்படாத குளிரில் இருப்பது நன்று. வெளியில் வைப்பதாயின் இரண்டு மணித்தியாலம், வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம் என்பதே அமெரிக்காவில் கூறப்படும் எல்லை. எமது நண்பகல் வெயில் அந்த 32 பாகையை எளிதில் கடக்கும். வீதியோர வியாபாரி காலையில் வெட்டிப் பொலித்தீனால் மூடுவதைவிட, முழுப்பழத்தை வைத்திருந்து கேட்பவர் கண்முன்னே வெட்டிக் கொடுப்பதே இருவருக்கும் இலாபம். நோன்பு துறக்கும் வீடுகளிலும் மூன்று மணிக்கே வெட்டவேண்டிய தேவையில்லை. கழுவித் துடைத்த பழத்தைக் குளிரூட்டியில் வைத்துவிட்டு, பாங்கொலிக்கு அரை மணித்தியாலம் இருக்கையில் கத்தியை எடுத்தால் போதும்.