வூபர்னின் இரு கிணறுகள்

அமெரிக்காவில் பாஸ்டனுக்கு வடக்கே உள்ள வூபர்ன், தோல் பதனிடுதலால் பெயர் பெற்ற ஊர். அங்கே 1964இலும் 1967இலும் குடிநீருக்கென இரு குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. நீர் நாறுகின்றது என மக்கள் பன்முறை முறையிட்டனர். குழந்தைகள் சிலர் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாயினர். ஆயினும், 1979இல் அருகே 184 கழிவுப் பீப்பாய்கள் அகப்பட்ட பின்னரே நீர் நன்கு சோதிக்கப்பட்டது. உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் ட்ரைக்குளோரோ எத்திலீன், நூறு கோடிப் பங்கில் 267 பங்கு இருந்தது. இன்று அந்நாட்டில் வரம்பு 5.

கிணறுகளை மூடுதல் எளிது. மண்ணைத் தூய்மையாக்கல் அரிது. இந்நீர்மம் நீரினும் கனமானது. எண்ணெய்போல் மிதவாது, ஆழ்ந்து சென்று பாறை வெடிப்புகளில் தங்கிச் சிறிது சிறிதாகக் கரையும். ஆதலின் ஒருமுறை இறைத்தால் தீர்வதன்று. 1991இல் நிறுவனங்கள் ஏறத்தாழ 7 கோடி டாலர் பொறுப்பேற்றன. 1992 முதல் நிலத்தடி நீரை இறைத்து, நஞ்சைப் பிரித்து வெளியேற்றினர். இதனைத் தூய்மையாக்கல் என்பதினும் நெடுங்காவல் என்பதே பொருந்தும்.

கருவுற்ற காலத்தில் தாயர் பருகிய அந்நீருக்கும் குழந்தைகளின் நோய்க்கும் தொடர்புண்டு என மாநிலச் சுகாதாரத் துறை 1997இல் அறிவித்தது. அக்கிணறுகள் மீண்டும் குடிநீருக்குத் திறக்கப்படவில்லை.