பேராலயங்களின் புகழும் மக்களின் நினைவும்

பேராலயம் என்பது பேராயரின் ஆசனம் அமைந்துள்ள ஆலயம். அவ்வாசனமே அதற்குத் தகுதி தருகிறது. எனினும் புகழ் எப்பொழுதும் ஆசனத்தைப் பின்தொடர்வதில்லை. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆத்தூரைச் சூழ்ந்த முத்துக்குளித்துறைப் பகுதி இதற்குச் சான்று பகர்கின்றது.

ஆத்தூருக்கு வடக்கே தூத்துக்குடியில் 1923இல் கத்தோலிக்க மறைமாவட்டம் நிறுவப்பட்டது. ஆயரின் ஆசனமுள்ள திரு இருதயப் பேராலயத்தை ஊரார் சின்னக்கோயில் என்றே அழைக்கின்றனர். அவர்களுக்குப் பெரியகோயில், 1713இல் அர்ச்சிக்கப்பட்ட பனிமய மாதா ஆலயமாகும். 1982இல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. ஆயினும் அதன் புகழ் அதற்கு மிக முந்தியது.

இப்புகழுக்குக் காரணம் யாது? பழைமை எனின், தெற்கே மணப்பாட்டின் திருச்சிலுவை ஆலயம் 1581ஆம் ஆண்டினது. உயரம் எனின், மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயக் கோபுரம் 192 அடி. அதிகாரம் எனின், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் 1750இல் அங்கேயே எழுப்பிய சீர்திருத்தச் சபை ஆலயம், இன்று தென்னிந்தியத் திருச்சபையின் தூய திரித்துவ ஆலயமாக நிற்கின்றது. அதனை அறிந்தோர் சிலரே. ஆண்டவர்களின் ஆலயத்தினும் ஆளப்பட்ட பரதவரின் ஆலயமே பேர்பெற்றது. கடலுக்குச் செல்வோரின் வேண்டுதலும், 1806இல் தொடங்கிய பொன் தேரோட்டமும், ஆகஸ்டு 5ஆம் நாள் சமய வேறுபாடின்றிக் கூடும் மக்கள் திரளும் அதனைத் தலைமுறைதோறும் நினைவில் இருத்தின.

மேலைநாட்டிலும் இஃது உண்மையே. சிதைவுற்றிருந்த பாரிசு நோத்ருதாம் பேராலயத்தின்பால் மக்கள் உள்ளத்தைத் திருப்பியது 1831இல் வெளிவந்த விக்தர் யூகோவின் நாவல். அதன் பின்னரே, 1844இல், பெரும் புதுப்பிப்புப் பணி தொடங்கிற்று.

தேரும் திருத்தலப் பயணமும் நம் மரபன்று. அவற்றை நாம் பின்பற்ற வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. புகழ் விசுவாசத்தின் அளவுகோலும் ஆகாது. ஆயின் நினைவின்றித் திருச்சபை இல்லை. 2003இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் உருவானபோது நாசரேத்து தூய யோவான் ஆலயம் பேராலயத் தகுதி பெற்றது. அத்தகுதியைத் திருமண்டலம் வழங்கலாம். நினைவைச் சபையாரே வழங்க இயலும். மெஞ்ஞானபுரத்தில் மிஷனெரி ஜான் தாமசின் பெயரை நாம் அறிவோம். அங்குக் கல் சுமந்தோர், காணிக்கை ஈந்தோர் எத்தனை பேரின் பெயரை அறிவோம்?

ஆதலின் இறையியல் மாணாக்கர் தத்தம் சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் முதியோரின் வாய்மொழியையும் தொகுத்து எழுதுதல் நற்பணியாகும். முதியோர் மறைந்தபின் அதனைச் செய்தல் அரிது.