இறந்த கடனாளியின் சொத்தும் பிணையாளரும்

கடன் வாங்கியவர் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்தும், பிணையாளராக உடன் கையெழுத்திட்டு உயிரோடிருப்பவரிடமிருந்தும் பாக்கியை வசூலிக்க ஒரே வழக்குத் தொடுக்கலாம். இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் இதற்கு அடிப்படை.

இறந்தவரையே பிரதிவாதியாக்கிப் பெறும் தீர்ப்பு செல்லாது. அவருடைய வாரிசுகளைச் சட்டப் பிரதிநிதிகளாகச் சேர்க்க வேண்டும். அவர்களின் பொறுப்பு, இறந்தவரின் சொத்தில் தங்கள் கைக்கு வந்த அளவோடு நின்றுவிடும். சொந்தச் சம்பாத்தியத்தில் கைவைக்க முடியாது. வசூலுக்கு வருவோர் துக்க வீட்டில் பெரும்பாலும் சொல்லாமல் விடும் பாதுகாப்பு இது. தந்தையின் கடனை மகன் அடைப்பது புனிதக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாடும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வாங்கிய கடன்களுக்குப் பொருந்தாது.

பிணையாளரின் நிலை கடினமானது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி அவர் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். முதலில் கடனாளியிடம் வசூலிக்குமாறு அவர் வற்புறுத்த இயலாது என்பதை பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. முழுத் தொகையையும் அவர் செலுத்திவிட்டால், கடன் கொடுத்தவரின் உரிமைகள் 140ஆம் பிரிவின்படி அவருக்கு வந்துசேரும்; இறந்தவரின் சொத்திலிருந்து அவர் ஈடு பெறலாம்.

புரோநோட்டுக் கடனுக்குக் காலவரையறை பொதுவாக 3 ஆண்டுகள். ஓடத் தொடங்கிய கெடு மரணத்தால் நிற்பதில்லை. வழக்கு நடக்கும்போதே கடனாளி இறந்தால் 90 நாட்களுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுச் செய்ய வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும்.