எரிந்த ஆவணங்கள்

முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகளில் தீக்குத் தப்பியவற்றுக்கு வழங்கும் பெயர். 1940 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் லண்டன் ஆர்ன்சைடு தெருவிலிருந்த போர்த்துறைக் கிடங்கு எரிந்தது. ஏறத்தாழ 60 விழுக்காடு பதிவேடுகள் அழிந்தன. ஓரம் கருகி, தண்ணீரில் ஊறி எஞ்சிய தாள்கள் பின்னர் நுண்படமாக்கப்பட்டன. அவை இப்போது லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் வசம் உள்ளன.

தம் முன்னோரின் பதிவேடு கிட்டாதோர், சிப்பாய்களுக்குரிய பதக்கங்களைப் பதிந்த பதக்க அட்டைகளை நாடுவர். அவற்றில் பெயர், படைப்பிரிவு, படை எண் தவிர அதிகம் இராது. பரவலான பெயராயின் எண் இல்லாமல் தேடுவது பெரும்பாலும் வீண்.

அங்கேதான் வீட்டுப் புகைப்படம் உதவுகிறது. தொப்பிச் சின்னம் படைப்பிரிவைக் காட்டும். இடது முன்கையில் நிற்கும் செங்குத்துப் பட்டை போர்க்காயத்தின் அடையாளம், 1916இல் அறிமுகமானது. வலது முன்கையின் சிறு கோணப்பட்டைகள் கடல்கடந்த பணிக்காக 1918இல் வந்தவை. ஆகவே அவை தெரியும் படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, குடும்பத்தார் என்ன ஆண்டு சொன்னாலும். அஞ்சலட்டைப் படமானால் பின்புறத்தையும் பார்க்க வேண்டும்: ஸ்டுடியோவின் ஊர்ப்பெயர் பயிற்சி முகாம் இருந்த வட்டாரத்தைச் சுட்டக்கூடும்.