புயல் எச்சரிக்கையைத் தவறவிடாமல் இருக்க செய்தியோடை

2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த தானே புயல், நெய்வேலி, பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி, பலா மரங்களைச் சாய்த்தது. முதிர்ந்த வாழைத்தாரை வெட்டவும், வயலில் வடிகால் எடுக்கவும் எச்சரிக்கை முன்கூட்டியே உங்கள் கண்ணில் பட வேண்டும். ஃபேஸ்புக்கில் பழைய பதிவு மேலே வந்து, புதிய எச்சரிக்கை கீழே போய்விடக்கூடும். செய்தியோடையில் (ஆர்.எஸ்.எஸ்.) புதியதை முதலில் பார்க்கலாம்.

செய்தியோடை என்றால் என்ன?

ஓர் இணையதளம் புதிதாக வெளியிடுபவற்றின் தலைப்பு, நேரம், இணைப்பு அடங்கிய பட்டியல். ஓடை வாசிப்பான் செயலி அதை அவ்வப்போது எடுத்துக் காட்டும்.

அமைக்கும் முறை

1. ஃபீட்லி அல்லது இனோரீடர் செயலியைப் பதிவிறக்குங்கள்.
2. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளத்தில் உள்ள ஆர்.எஸ்.எஸ். முகவரியைச் சேருங்கள்.
3. மற்ற தளங்களுக்கு, தள முகவரியை ஒட்டினாலே பெரும்பாலும் செயலி ஓடையைக் கண்டுபிடித்துவிடும்.
4. வானிலை, விலை நிலவரம், பயிர்ப் பாதுகாப்பு எனத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள்.

கவனிக்க: வாசிப்பான் செயலி சில நேரம் தாமதமாகவே ஓடையை எடுக்கும். எனவே புயலுக்கு 'சசேத்', மின்னலுக்கு 'தாமினி' செயலிகளின் அறிவிப்பையும் இயக்கத்தில் வைத்திருங்கள்.