‘இம்ப்ரெஷன்’ என்று போடுங்கள்

அச்சகத்தில் இந்தச் சொல் ஒரு கணக்கு. ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு இவ்வளவு என்று ஆஃப்செட் மிஷின்காரர் கூலி சொல்வார். தாள் ஒருமுறை உள்ளே போய் மை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் ஒரு இம்ப்ரெஷன். வீட்டில் அதே சொல்லுக்கு வேறு வேலை. நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும் பிள்ளையிடம், “முதல்ல பார்க்கிறப்பவே நல்ல இம்ப்ரெஷன் விழணும்” என்கிறோம். ‘விழணும்’ என்ற வினையைக் கவனியுங்கள். தாளில் அச்சும் விழும். மனத்தில் இம்ப்ரெஷனும் விழும். சொல்லின் பிறப்பைத் தேடிப் போகாதவர்களும் அதன் வேருக்குப் பக்கத்தில்தான் நின்று பேசுகிறோம்.

வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘ப்ரெமெரே’ என்றால் அழுத்துதல். ‘இன்’ முன்னே சேர்ந்தால் ‘இம்ப்ரிமெரே’, அதாவது உள்ளே பதியும்படி அழுத்துதல். மெழுகில் முத்திரை மோதிரத்தை அழுத்தி எடுத்தபின் அங்கே நிற்கும் தடம்தான் இம்ப்ரெஷன். மனத்தையே மெழுகுக் கட்டியாக உருவகித்துப் பார்க்கும் வழக்கம் கிரேக்கத்தில் பிளேட்டோவின் ‘தியேட்டிட்டஸ்’ உரையாடலிலேயே உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூம், புலன்கள் வழியே சூடாக வந்து சேர்வதை இம்ப்ரெஷன் என்றும், அது ஆறி மங்கியபின் சிந்தனையில் எஞ்சுவதை ஐடியா என்றும் பிரித்தார். ஆக, ஓவியர்களின் கைக்கு வருவதற்கு முன்பே இந்தச் சொல் மெழுகிலும் மனத்திலும் ஒருசேரப் பழகிவிட்டது.

பிரெஞ்சு மொழியில் இதற்கு இன்னும் இரண்டு தொழில்வழக்குகள் இருந்தன. ஒன்று, செதுக்கோவியர்களுடையது. செதுக்கிய தகட்டில் மை தடவித் தாளை அழுத்தி எடுக்கும் ஒவ்வொரு பிரதியும் ‘அம்ப்ரெசியோன்’. மற்றொன்று, வண்ணம் பூசுகிறவர்களுடையது. சுவரிலோ மரத்திலோ முதலில் அடிக்கும் அடிப்பூச்சுக்கும் அதே பெயர். நம்மூர் பெயின்டர் ‘பிரைமர்’ என்கிறாரே, அதுதான். அழுத்தி எடுத்த பிரதி, அடியில் கிடக்கும் பூச்சு: இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் 1874இல் பாரிசில் நடந்தது முழுதாக விளங்கும்.

அந்த ஆண்டுக்கு முன்பே ஓவியப் பேச்சில் இச்சொல் புழங்கியது. பெரும்பாலும் ஒரு குறையாக. 1861இல் விமர்சகர் தியோஃபில் கோத்தியே, நிலக்காட்சி ஓவியர் தோபிஞியைப் பற்றி எழுதும்போது, இவ்வளவு திறமையுள்ளவர் ஒரு ‘இம்ப்ரெஷ’னோடு நிறுத்திக்கொண்டு நுணுக்கங்களைக் கைவிடுகிறாரே என்று வருந்தினார். பார்த்தவுடன் விரைந்து தீட்டிக்கொள்ளும் குறிப்பு வேறு, கூடத்தில் மாட்டத் தகுந்த முடிந்த ஓவியம் வேறு என்பது அன்றைய பொதுப்புத்தி. குறிப்பு ஓவியனின் அறைக்குள் இருக்க வேண்டும். ஊருக்குக் காட்டக் கூடாது.

1874 ஏப்ரல் 15 அன்று, கப்யுசீன் புல்வாரில் 35ஆம் எண் கட்டடத்தில், புகைப்படக் கலைஞர் நாதார் முன்பு ஸ்டூடியோவாக வைத்திருந்த அறைகளில், சுமார் 30 ஓவியர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சியைத் திறந்தார்கள். மொனே, ரெனுவார், பிசாரோ, தெகா, செசான், சிஸ்லே, பெர்த் மொரிசோ ஆகியோர் அதில் உண்டு. அரசு ஆதரவில் நடந்த சலோன் கண்காட்சியின் நடுவர்களிடம் இனிக் கைகட்டி நிற்பதில்லை என்று முடிவுசெய்து, நுழைவுக் கட்டணம் ஒரு ஃபிராங்க் வைத்துத் தாங்களே நடத்தினார்கள்.

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘சொசியேத்தே அனோனிம்’ என்று தொடங்கும். பிரெஞ்சுச் சட்டத்தில் அது பங்குதாரர் கம்பெனியைக் குறிக்கும் வழக்கமான தொடர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பெயரில்லாச் சங்கம்’. இது தற்செயல் மட்டுமல்ல. புல்வாரின் பெயரையொட்டி ‘கப்யுசீன்’ என்ற பூவின் பெயரை வைக்கலாம் என்றார் தெகா. எந்தப் பெயர் வைத்தாலும் ‘புதிய பள்ளி ஒன்று கிளம்பிவிட்டது’ என்று விமர்சகர்கள் எழுதத் தொடங்கிவிடுவார்கள் என்று அஞ்சியதாக ரெனுவார் பிற்காலத்தில் சொன்னார். ஒருவர் பாணி இன்னொருவருக்கு இல்லை; பொதுக்கொள்கை என்று எதையும் அவர்கள் எழுதி வைக்கவில்லை. பெயரில்லாமல் இருக்கவே விரும்பியவர்கள் மேல்தான் நவீன ஓவியத்தின் மிகப் பெரிய பெயர் வந்து ஒட்டியது.

கண்காட்சியின் பட்டியலைத் தொகுத்தவர் ரெனுவாரின் தம்பி எத்மோன். மொனேயிடம் ஒரு படத்துக்குத் தலைப்புக் கேட்டார்கள். பிரான்சின் வடக்கே லெ ஆவ்ர் துறைமுகத்தில், தங்கியிருந்த விடுதி ஜன்னலிலிருந்து பார்த்துத் தீட்டிய படம் அது. லெ ஆவ்ரின் காட்சி என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஆகவே ‘இம்ப்ரெஷன்’ என்று போடுங்கள் என்றேன் என்று 1898இல் ஒரு பேட்டியில் மொனே நினைவுகூர்ந்தார். எனக்கு இந்தப் பதில் மிகவும் பிடிக்கும். ஊரின் பெயரைப் போட்டால் ஊரை எதிர்பார்த்து வருவார்கள். படத்தில் ஊர் இல்லை. இருப்பதை மட்டும் சொல்லும் தலைப்பு இது. 98ஆம் எண்ணில், ‘அம்ப்ரெசியோன், சொலெய் லெவான்’ என்று அச்சாயிற்று.

படம் சிறியது, 48 சென்டிமீட்டர் உயரம், 63 சென்டிமீட்டர் அகலம். சாம்பல் நீல மூட்டத்தில் பாய்மரங்களும் பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும் கரைந்து நிற்கின்றன. முன்னால் இருட்டாக ஒரு சிறு படகு, அதில் நிற்கும் ஓர் ஆள். ஆரஞ்சு நிறத்தில் சூரியன், அதன் கீழே தண்ணீரில் நாலைந்து தீற்றல்கள். இந்தப் படத்தின் நகல் ஒன்றைக் கைபேசியில் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். சுற்றியிருக்கும் மேகத்தின் ஒளியளவும் சூரியனின் ஒளியளவும் ஒன்றே. வேறுபாடு நிறத்தில் மட்டும்தான். ஹார்வர்டின் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார்: ஒளியளவை மட்டும் உணரும் மூளைப் பகுதிக்கு அந்தச் சூரியன் தெரிவதில்லை, நிறத்தை உணரும் பகுதிக்குத் தெரிகிறது, அதனால்தான் அது நிலைகொள்ளாமல் துடிப்பதுபோல இருக்கிறது. அவசரத்தில் பூசிய படம் என்று சொல்லப்பட்டதில் எவ்வளவு கூர்மையான அளவெடுப்பு இருந்தது!

ஏப்ரல் 25 அன்று ‘லெ ஷரிவரி’ என்ற நையாண்டிப் பத்திரிகையில் ‘இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சி’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் லூயி லெருவா. ஷரிவரி என்பதே ஊர்ச்சொல்; பொருந்தாத திருமணம் நடந்த வீட்டின் முன் சட்டி பானைகளைத் தட்டி ஊரார் எழுப்பும் இரைச்சல். லெருவா அப்படித்தான் தட்டினார். பதக்கங்கள் வாங்கிய வின்சென்ட் என்ற பழைய பள்ளி ஓவியர் ஒருவரைக் கற்பனையாகப் படைத்து, அவரைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போகிறார். பிசாரோவின் உறைபனி வயலைப் பார்த்துவிட்டு, அழுக்குத் துணியில் வண்ணத்தட்டைச் சுரண்டிப் போட்டதுபோல இருக்கிறது என்கிறார் வின்சென்ட். 98ஆம் எண்ணுக்கு வந்ததும், அரைகுறையாக நிற்கும் சுவர்த்தாள்கூட இந்தக் கடற்காட்சியைவிட முடிந்த வேலை என்று சொல்கிறார். கடைசியில் மூளை கலங்கி, வாசலில் நிற்கும் காவலரையே ஒரு படமாக நினைத்துவிடுகிறார்.

லெருவாவை ஓவியம் தெரியாத பத்திரிகைக்காரராகக் காட்டுவது பலரின் வழக்கம். அது சரியில்லை. அவரே ஓவியர், செதுக்கோவியர். தகட்டில் மை தடவி அம்ப்ரெசியோன் எடுப்பது அவருடைய தொழில். சுவர்த்தாளும் அச்சுக்கட்டையை அழுத்தி எடுப்பதுதான். தலைப்பில் இருந்த சொல்லை மனத்தின் பக்கமிருந்து பிடுங்கி, அச்சுப்பட்டறையின் பக்கம் தள்ளியதில்தான் அவருடைய நக்கல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அடிப்பூச்சு என்ற பொருளும் அன்றைய வாசகர் காதில் விழாமல் இருந்திருக்காது: பிரைமர் மட்டும் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள்! அதில் ஒரு உண்மையும் உண்டு. பழைய பள்ளி பழுப்பான அடிப்பூச்சின் மேல் அடுக்கடுக்காக ஏற்றி அதை மறைத்தது. இவர்கள் வெளிறிய அடிப்பூச்சைத் தேர்ந்தெடுத்து, பல படங்களில் அதை ஆங்காங்கே வெளியே தெரியவும் விட்டார்கள். சொல் ஏளனமாக விழுந்தாலும் சரியான இடத்தில் விழுந்தது.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 29 அன்று, ‘லெ சியெக்ல்’ இதழில் ஜூல் காஸ்தாஞரி அதே சொல்லை எடுத்தார். ஏளனத்தைக் கழற்றிவிட்டு எடுத்தார். இவர்கள் வரைவது நிலக்காட்சியை அல்ல, நிலக்காட்சி எழுப்பும் உணர்வை. அந்தப் பொருளில் இவர்கள் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்றார். இன்றுவரை பாடநூல்கள் சொல்லும் விளக்கம் காஸ்தாஞரியுடையது. ஆனால் பெயர் சூட்டியதாக நினைவில் நிற்பவர் லெருவாதான்.

1877இல் மூன்றாம் கண்காட்சியில் அவர்களே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள். ரெனுவாரின் நண்பர் ரிவியேர் ‘லேம்ப்ரெஷனிஸ்த்’ என்று பத்திரிகைகூட நடத்தினார். தெகாவுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. 1886 வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளிலும் பங்கெடுத்தவர் பிசாரோ ஒருவர் மட்டுமே.

பிறகு இந்தப் பெயர் குட்டிபோட ஆரம்பித்தது. 1886இல் சேரா, சின்யாக் ஆகியோரின் புள்ளிமுறையைக் குறிக்க ஃபெலிக்ஸ் ஃபெனெயோன் ‘நியோ’ என்று முன்னொட்டுச் சேர்த்தார். 1910இல் லண்டன் கிராஃப்டன் கேலரியில் செசான், கோகன், வான்கோ படங்களைக் கூட்டிவைத்த ராஜர் ஃப்ரை முதலில் யோசித்த பெயர் ‘எக்ஸ்பிரஷனிஸ்டுகள்’. அது ஒத்துவராமல் போக, இம்ப்ரெஷனிஸ்டுகளுக்குப் பின்னால் வந்தவர்கள்தானே, ‘போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்று போட்டுவிடுங்கள் என்று முடித்துவிட்டாராம். உடனிருந்த டெஸ்மண்ட் மெக்கார்த்தி இதை எழுதியிருக்கிறார். ஃப்ரை விட்டுவிட்ட பெயர் சில மாதங்களில் ஜெர்மனியில் புழக்கத்துக்கு வந்து நிலைத்தது. இதற்கிடையே லூயி வோசெல் என்ற ஒரே விமர்சகர் 1905இல் மத்தீஸ் கூட்டத்தைக் காட்டு விலங்குகள் என்று சொல்லி ‘ஃபோவிச’த்துக்கும், 1908இல் பிராக் எல்லாவற்றையும் கனசதுரங்களாகக் குறுக்குகிறார் என்று எழுதி ‘கியூபிச’த்துக்கும் வழிசெய்தார். 1909இல் இத்தாலியக் கவிஞர் மாரினெட்டி ‘ஃபியூச்சரிசம்’ என்று தானே பெயர் வைத்துப் பிரகடனம் வெளியிட்ட பிறகு, பெயருக்காக அடுத்தவரை எதிர்பார்க்கும் நிலை குறைந்தது.

இம்ப்ரெஷன், எக்ஸ்பிரஷன் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று உள்நோக்கி அழுத்துவது. மற்றது வெளிநோக்கிப் பிழிந்து எடுப்பது. ஓவிய வரலாற்றின் ஒரு பெரிய திருப்பமே இந்த முன்னொட்டு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது. தமிழில் ‘மனப்பதிவியம்’ என்றும் ‘வெளிப்பாட்டியம்’ என்றும் எழுதும்போது பொருள் கெடவில்லை. அந்த உடன்பிறப்பு மட்டும் தெரியாமல் போகிறது. என் மனக்குறை வேறொன்றில். ‘உணர்வுப்பதிவுவாதம்’ என்று ‘வாதம்’ சேர்க்கும்போது, யாரோ மேடைபோட்டு வாதாடியதுபோல ஆகிவிடுகிறது. மொனே வாதம் எதுவும் செய்யவில்லை. தலைப்புக் கேட்டார்கள், சொன்னார்.

தமிழ் இலக்கியத்திலும் இந்தச் சொல் குறையாகத்தான் நுழைந்தது. ரசனை சார்ந்து எழுதியவர்களை ‘வெறும் மனப்பதிவு விமர்சனம்’ என்று கோட்பாட்டுக்காரர்கள் தள்ளினார்கள். முடிக்கவில்லை, நிறுவவில்லை, பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போகிறான் என்பதுதான் அங்கேயும் குற்றச்சாட்டு. கோத்தியே தோபிஞியிடம் கண்ட அதே குறை.

‘பதி’ என்ற நம் வினை இந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஈரமண்ணில் கால் பதியும். மனத்தில் முகம் பதியும். கல்லைப் பதிப்பார்கள், புத்தகத்தையும் பதிப்பார்கள். மெழுகும் மனமும் அச்சும் பிரெஞ்சில் ஒரே சொல்லில் கூடியதுபோல இங்கே ஒரே வினையில் கூடுகின்றன. ஆகவே அந்தப் படத்தின் பெயரைத் தமிழில் சொல்ல வேண்டி வந்தால் ‘பதிவு’ என்றே தொடங்குவேன். பின்பாதியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஆங்கிலம் ‘சன்ரைஸ்’ என்றது. நாமும் ‘சூரியோதயம்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அது ஒரு நிகழ்ச்சியின் பெயர். பிரெஞ்சில் இருப்பது நிகழ்ச்சி அல்ல, எழுந்துகொண்டிருக்கும் சூரியன். 2014இல் டொனால்ட் ஓல்சன் என்ற வானியலாளர் சூரியனின் உயரம், கடல் ஏற்ற இறக்கம், வானிலைக் குறிப்புகள் எல்லாவற்றையும் வைத்துக் கணக்கிட்டு, படத்தில் இருக்கும் நேரம் 1872 நவம்பர் 13 காலை சுமார் 7.35 மணி என்று சொன்னார். சூரியன் தொடுவானத்தைவிட்டு மேலே வந்து இருபது முப்பது நிமிடம்போல இருக்கும். உதயம் முடிந்துவிட்டது, எழுதல் முடியவில்லை. இதற்குத் தமிழில் வினைத்தொகை இருக்கிறது. எழுந்த, எழுகின்ற, எழும் என்ற மூன்று காலத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு ஒன்றையும் வெளியே காட்டாத தொகை.

பதிவு, எழுஞாயிறு.