எல்பிஜி சேர்மானக் கணிப்பு

எல்பிஜி எனப்படும் திரவ பெட்ரோலிய வாயுவில் புரோப்பேனும் பியூட்டேன்களும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதை, கலவையைப் பிரிக்காமலேயே அதன் அடர்த்தி, ஆவி அழுத்தம் ஆகியவற்றை அளந்து கணக்கிடும் முறை.

அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலர் வால்டர் ஸ்னெல்லிங் 1910இல் பெட்ரோலைச் சாடியில் அடைத்து எடுத்துச் சென்றபோது தக்கை திரும்பத் திரும்பத் தெறித்தது என்பர். அந்தத் தக்கையைத்தான் இத்துறையின் முதல் அழுத்தமானி என்று சொல்ல வேண்டும். தெறிக்க வைத்த ஆவியில் புரோப்பேன், பியூட்டேன் இருப்பதைக் கண்ட அவர், அவற்றைப் பிரிக்கும் முறைக்கு 1913இல் காப்புரிமை பெற்றார். கணக்குக்கு வேண்டிய விதிகள் அதற்கு முன்பே தயார்: பகுதி அழுத்தங்களைக் கூட்டும் டால்ட்டன் விதி (1801), கரைசலின் ஆவி அழுத்தம் பற்றிய ரவூல் விதி (1887).

உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பாட்பீல்னியாக் வடிவமைத்த தாழ்வெப்பக் காய்ச்சி வடிப்புக் கலன் சேர்மானத்தை நேரடியாகவே தந்தது. ஆனால் ஒரு மாதிரிக்கு மணிக்கணக்கில் ஆகும். அழுத்தத்தைத் தாங்கும் உருளைக்குள் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

15 பாகையில் திரவப் புரோப்பேனின் அடர்த்தி லிட்டருக்கு 0.508 கிலோ, நேர்பியூட்டேனுக்கு 0.584. அளவு 0.546 என வந்தால் கன அளவில் பாதிக்குப் பாதி. 37.8 பாகையில் இவற்றின் ஆவி அழுத்தம் முறையே ஏறத்தாழ 13 பார், 3.6 பார், எனவே இக்கலவை 8.6 பார் காட்ட வேண்டும். மூலக்கூறு எடைகள் வேறு என்பதால் ரவூல் விதிக்குக் கன அளவு விகிதத்தை மோல் விகிதமாக மாற்றியாக வேண்டும். புதியவர் வழுக்கும் இடம் இதுதான்.

ஐசோபியூட்டேன் சேர்ந்தால் சிக்கல். அதன் அடர்த்தி 0.563. தூய ஐசோபியூட்டேனையே கொடுத்தாலும், அடர்த்தியை மட்டும் நம்புபவர் அதில் 28 விழுக்காடு புரோப்பேன் இருப்பதாகச் சொல்லிவிடுவார். அழுத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு அதுவே சுமார் 13 விழுக்காடாகத் தெரியும். இந்த முரண்தான் மூன்றாவது பொருளைக் காட்டிக்கொடுக்கிறது: இரண்டு அளவீடுகள், கூடுதல் நூறு என்ற நிபந்தனை, ஆக மூன்று சமன்பாடுகள். நான்காவதாகச் சிறிது ஈத்தேனோ, சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வரும் புரோப்பிலீனோ நுழைந்தால் இந்தக் கணக்கு நிற்காது. எரிவாயு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் கையில் மட்டுமே இது நம்பத்தக்க கருவி.

1952இல் ஜேம்ஸும் மார்ட்டினும் வெளியிட்ட வாயு குரோமட்டோகிராஃபி நிலைமையைத் தலைகீழாக்கியது. இன்று சேர்மானத்தை முதலில் அளந்து, அதிலிருந்து அழுத்தத்தையும் அடர்த்தியையும் கணக்கிடுவதே வழக்கம். அதற்கு 1976இன் பெங்–ராபின்சன் சமன்பாடு பெரிதும் பயன்படுகிறது. ஆயினும் தர நிர்ணயங்களில் பண்புகளுக்கே முதலிடம். சமையல் கலவைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 4576, 40 பாகையில் ஆவி அழுத்தம் 1050 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது என்கிறது.

மாதிரியைத் திரவப் பகுதியிலிருந்தே எடுக்க வேண்டும். மேலே நிற்கும் ஆவியில் புரோப்பேனின் பங்கு அதிகம்; வாயு செலவாகச் செலவாக அதுவே முந்திக்கொண்டு வெளியேறுவதால், பாதி தீர்ந்த சிலிண்டரில் எஞ்சியிருப்பது ஆலையில் நிரப்பிய கலவையன்று.